கடற்பாசியும் ஒட்டுச் சங்கிலியும்

நோன்பு மாதத்தில் காரைக்காலிலும் நாகூரிலும் இஸ்லாமியர் இல்லங்களில் அந்தி வேளைக்குத் தவறாமல் ஆயத்தமாகும் பண்டம் ஒன்று உண்டு. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, ஆறியதும் கத்தியால் வில்லை வில்லையாக அறுத்து வைப்பார்கள். அதற்குக் ‘கடல்பாசி’ என்றே பெயர். மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் கொடுக்கும் வெண்ணிற நார்தான் அதன் மூலப்பொருள். விஞ்ஞானிகள் அதனை அகர் என்பர். ஒரு கைப்பிடிக்கும் குறைவான நார், ஒரு பாத்திரம் பாலைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிடுகிறது என்பதை அடுப்படியில் நிற்பவர் அனைவரும் அறிவர். எவ்வாறு நிறுத்துகிறது என்று நாம் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் சென்ற கோடையில் சுரக்குடியில் நேர்ந்தது.

சுரக்குடி, திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த நெல் விளையும் கிராமம். காவிரியின் கடைமடைப் பிரதேசம். புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கு ஆண்டொன்றுக்கு 7 டி.எம்.சி. நீர் என்று காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் வகுத்ததை 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் மாற்றாமல் விட்டது. ஆயினும் ஏட்டில் உள்ள நீர் வேறு, வாய்க்காலில் வரும் நீர் வேறு என்பதைக் கடைமடைக் குடியானவருக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை.

அவ்வூர் விவசாயிகளுடன் நாம் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாயின்மீது வைத்தார். வெள்ளைக் குருணை, ரவையைப் போல் இருந்தது. ‘கடற்பாசியிலிருந்து விஞ்ஞான முறையில் தயாரானது, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு நீரைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கும்’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. ஊரார் கூட்டாகச் சேர்ந்து வாங்கினால் விலையில் சலுகை தருவதாக வியாபாரி சொல்லிச் சென்றாராம். “ஐயா, இது உண்மைதானா? முறைத் தண்ணீர் தவறும் நாளில் இது பயிரைக் காப்பாற்றுமா?” என்று அவர் கேட்டார்.

பொட்டலத்தில் எழுதியிருப்பது பொய் என்று சொல்லிவிட நம்மால் இயலவில்லை. மெய் என்று சொல்லவும் இயலவில்லை. வட்டார வளர்ச்சி அதிகாரிக்கு இது சங்கடமான நிலைமை. எனவே அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து, நூல்களைப் படித்தும் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். இதே பொட்டலம் வேறு ஊர்களுக்கும் வரக்கூடும்.

பாசிக்குள் இருப்பது என்ன?

நெல்லுக்குத் தண்டும் வைக்கோலும் எப்படியோ, அப்படிக் கடற்பாசிக்கு அதன் உடலில் உள்ள கொழகொழப்பான பொருள். பாசி அலையில் ஆடவேண்டும், ஒடியக்கூடாது. ஆகவே இயற்கை அதற்கு விறைப்பான நாரோடு, வளைந்து கொடுக்கும் களியையும் தந்திருக்கிறது. இக்களி சர்க்கரைகளால் ஆனது என்றால் வியப்பாக இருக்கும். இனிக்கும் சர்க்கரை அன்று. ஆயிரக்கணக்கான சர்க்கரை அணுத்திரள்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகிவிட்டால் இனிப்பு மறைந்துவிடுகிறது. அரிசியின் மாவும், வைக்கோலின் நாரும் இத்தகைய சங்கிலிகளே. இவற்றைப் பாலிசாக்கரைடு என்று சொல்வது விஞ்ஞான வழக்கு. நாம் சர்க்கரைச் சங்கிலி என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

கடற்பாசிகளில் மூன்று வகைச் சங்கிலிகள் முக்கியமானவை. முதலாவது அகர். இராமநாதபுரம் கடற்கரையில் மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப்பாசி என்றும் வழங்கும் செந்நிறப் பாசிகளிலிருந்து இது கிடைக்கிறது. இரண்டாவது ஆல்ஜினேட், கட்டக்கோரை, பக்கோடாப் பாசி எனப்படும் பழுப்பு நிறப் பாசிகளில் உள்ளது. மூன்றாவது கராஜீனன், மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் என்னும் பாசி இதற்கு ஆதாரம்.

நாம் முதலில் விளக்க வேண்டியது அகர்ச் சங்கிலி. கேலக்டோஸ் என்ற சர்க்கரையும் அதன் உருமாறிய உறவினர் ஒன்றும் மாறி மாறிக் கோத்த மாலை இது. பால் சர்க்கரையின் ஒரு பாதியும் இதே கேலக்டோஸ்தான். வெந்நீரில் இந்த மாலைகள் தனித்தனியே மிதக்கின்றன. ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்கிய புரிகள் மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிவிடுகின்றன. நீர் அவ்வலையின் கண்களில் சிக்கிக்கொள்கிறது. கயிறு திரிப்பவரைப் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும். இன்னொரு விசேஷமும் உண்டு. சுமார் 40 டிகிரிக்குக் கீழே உறையும் அகர், மறுபடி உருகுவதற்கு 85 டிகிரி வரை சூடேற வேண்டும். உறைவதும் உருகுவதும் ஒரே சூட்டில் நிகழாத இந்தக் குணம்தான் அகரைச் சமையலறையிலிருந்து சோதனைச்சாலைக்கு அழைத்துச் சென்றது.

அழைத்துச் சென்றவரும் ஒரு பெண்மணியே. நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ஜெர்மானிய மேதை ராபர்ட் கோக்கின் சோதனைச்சாலையில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் பணிபுரிந்தார். கிருமிகளை வளர்க்க அங்கே ஜெலட்டின் என்னும் எலும்புப் பசையைப் பயன்படுத்தினார்கள். கோடையில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதனைத் தின்று நீராக்கியும் விடும். ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, ஜாவாத் தீவில் வாழ்ந்திருந்த டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து அகரைப் பற்றி அறிந்து வீட்டுச் சமையலில் பழகியிருந்தார். 1881இல் அவர் கூறிய யோசனைப்படி அகர் பயன்பட்டது. மறு ஆண்டு கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை உலகுக்கு அறிவித்தார். அந்த அறிக்கையில் அகர் பற்றிய குறிப்பு உண்டு, அம்மையாரின் பெயர் இல்லை. இன்று ஊர்க் கிணற்று நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் அங்கே கிருமிகளை எண்ணுவதும் அகர்த் தட்டின்மீதுதான்.

நம் கரையில் விளையுமா?

சுரக்குடியிலேயே இக்கேள்வி எழுந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்களிலும் எழக்கூடியது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

மன்னார் வளைகுடாவில் பாறையும் பவளத் திட்டும் உண்டு. தீவுகளின் மறைவில் அலை அடங்கியிருக்கும். மண்டபத்தருகே பெரிய ஆற்றின் நன்னீர் வந்து விழுவதில்லை. நம் கரையோ திறந்த மணற்கரை. அரசலாறும் அதன் உடன்பிறப்புகளும் ஐப்பசி, கார்த்திகையில் சேறும் நன்னீருமாகக் கடலில் கலக்கின்றன. உப்பு நீரில் வாழப் பழகிய பாசிக்கு அது உகந்ததன்று. மண்டபத்தில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் தெப்பம் கட்டி 45 நாளில் அறுவடை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதே தெப்பத்தை நம் அலையில் மிதக்கவிட முனைவது மூங்கிலை இழக்கும் வழியாகும். மீன்வளத் துறையினர் இடம் பார்த்துச் சொல்லும்வரை எவரும் இதில் பணம் போடலாகாது.

மண்டபத்திலும் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. கப்பாபைகஸ் நம் நாட்டுப் பாசி அன்று. குஜராத் மாநிலத்துப் பவநகரில் 1954இல் தொடங்கிய மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் கொண்டுவந்து பழக்கிய வரத்துப் பாசி. மண்டபத்தில் அந்நிலையத்தின் கிளை இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் இப்பாசி குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு எச்சரித்தார்கள். பிற்பட்ட ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியதால் பாசி கூட்டமாக அழுகியதும் உண்டு. ஆயினும் தொழில் நிற்கவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

இயற்கையாக வளரும் பாசியைச் சேகரிப்பவர்களில் மிகப் பலர் மாதர். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் அவர்களுடைய தொழில் பலவிதத் தடைகளுக்கு உள்ளாயிற்று. பாசியை அழியாமல் பறிக்கும் நெறியைத் தாங்களே வகுத்துக்கொண்டு, உரிமைக்கும் போராடிய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி என்ற அம்மையார் 2015இல் சீகாலஜி என்னும் சர்வதேசப் பரிசைப் பெற்றார். இவர்கள் கரையில் உலர்த்தும் பாசியின் விலைக்கும், சோதனைச்சாலைச் சீசாவில் தூளாக வந்து சேரும் அகரோஸின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருக்கிறது. அந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன என்பதே அடுத்து வருவது.

ஒட்டுக் கட்டும் கலை

அகரில் இரண்டு பகுதிகள் உண்டு. கெட்டியாக உறையும் பகுதி அகரோஸ். மின்னேற்றம் கொண்ட, உறையாத பகுதி மற்றொன்று. ஸ்வீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டெல்லான் யெர்டேன் என்ற விஞ்ஞானி 1961இல் அகரோஸைப் பிரித்தெடுத்துச் சோதனைக்கு உதவும்படி செய்தார். 1964இல் அதனையே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிறு மணிகளாக்கும் வழியையும் கண்டார். மணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி மேலிருந்து ஒரு கலவையை ஊற்றினால், பெரிய பொருள்கள் மணிகளுக்கு இடையே விரைந்து இறங்கிவிடும். சிறியவை மணிகளின் துளைகளில் புகுந்து புறப்பட்டுத் தாமதமாக வரும். சல்லடைக்கு நேர்மாறு என்று சொல்லலாம்; சல்லடையில் பெரியது நிற்கும், இதில் பெரியது முந்தும்.

ஆனால் அகரோஸ் மணிகளில் குறையும் இருந்தது. சூடுபடுத்தினால் உருகும், சில திரவங்களில் கரையும், அழுத்தினால் நசுங்கும். மேலும், அவை எல்லாப் பொருளையும் அளவு பார்த்துப் பிரிக்குமேயன்றி, ‘இது வேண்டும், அது வேண்டாம்’ என்று பொறுக்கி எடுக்கமாட்டா. இக்குறைகளை நீக்கவே பாசியின் சங்கிலியோடு வேறு பொருள்களையும், மனிதன் ஆலையில் செய்த சங்கிலிகளையும் ரசாயன முறையில் பிணைக்கும் வேலை தொடங்கிற்று. மனிதன் செய்த சங்கிலிக்குப் பலபடி என்று பெயர். நைலான் வலையும், பிளாஸ்டிக் குடமும், பாலி அக்ரிலமைடு என்ற களியும் பலபடிகளே.

பிணைப்பு என்பதற்கும் கலப்பு என்பதற்கும் உள்ள பேதத்தை இங்கே உற்று நோக்க வேண்டும். இரண்டு மாங்கன்றுகளை ஒரே குழியில் நட்டுச் சேர்த்துக் கட்டினால் அது ஒட்டுமரம் ஆகாது. கயிற்றை அவிழ்த்தால் இரண்டும் பிரியும். நாட்டு மாவின் தண்டைச் சீவி, நல்ல சாதித் தளிரைப் பொருத்திக் கட்டி, இரண்டின் உயிர்ச்சாறும் ஒன்றான பிறகே ஒட்டு. வேர் ஒன்று, கனி வேறொன்று. பாசிச் சங்கிலியும் அப்படித்தான். அகர்த் தூளையும் பலபடித் தூளையும் கலக்கிக் காய்ச்சினால் கிடைப்பது கலப்பு; தக்க திரவத்தால் கழுவினால் ஒன்று போய்விடும். ஒட்டுக் கட்டியதோ எத்தனை முறை கழுவினாலும் பிரியாது. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஒட்டு உண்மையில் பிடித்ததா என்பதை அறிய முதலில் செய்யும் சோதனையும் கழுவிப் பார்ப்பதே.

ஒட்டுக் கட்டும் விதம் இது. பாசிச் சங்கிலியை நீரில் கரைத்து, உள்ளிருக்கும் காற்றின் பிராணவாயுவை நைட்ரஜன் வாயுவைக் குமிழவிட்டு வெளியேற்றுகிறார்கள். பொட்டாசியம் பெர்சல்பேட் என்ற உப்பைச் சிறிது சேர்த்துச் சூடேற்றினால், அது உடைந்து, பாசிச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களை ஆங்காங்கே பறித்துக்கொள்கிறது. பறித்த இடத்தில் சங்கிலிக்கு ஒரு கை வெறுமையாகிறது. இதுவே ஒட்டுக் கட்டுபவர் தண்டைச் சீவும் செயல். அவ்வேளையில் அக்ரிலமைடு போன்ற சிறு கூறுகளை விட்டால், அவை அக்கையைப் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்துக்கொண்டு கிளையாக வளர்கின்றன. பவநகர் ஆராய்ச்சி நிலையத்தார் அகரையும் கராஜீனனையும் பி.வி.பி. என்ற பலபடியோடு இவ்வாறு இணைத்து, அடுப்புச் சூட்டுக்குப் பதிலாக மைக்ரோவேவ் கதிரின் உதவியால் விரைவில் முடித்துக் காட்டிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பி.வி.பி. நமக்கு அந்நியமன்று, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குத் தடவும் பழுப்பு நிற பொவிடோன் அயோடின் மருந்தில் அயோடினைத் தாங்கி நிற்பது அதுவே.

அக்ரிலமைடு பற்றி ஒரு வார்த்தை. கிளையாகக் கோத்துக்கொண்ட பிறகு அது சாது. தனித்து நிற்கும்போது நரம்புகளைத் தாக்கும் நஞ்சு. சோதனைச்சாலையில் கையுறை இல்லாமல் அதனைத் தொடமாட்டார்கள். கோக்காமல் மிஞ்சியது எவ்வளவு என்று அளந்து கழுவி நீக்கிய பின்னரே பொருள் வெளிவர வேண்டும்.

இப்பிணைப்புகளால் விளைந்த பயன் சிறிதன்று. உப்சாலாவைச் சேர்ந்த பொராத்தும் அவருடைய தோழர்களும் 1967இல் சயனோஜன் புரோமைடு என்ற ரசாயனத்தால் சர்க்கரைச் சங்கிலி மணிகளின்மேல் புரதங்களை நிலையாக ஒட்டவைக்கும் வழியைக் கண்டார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் மூன்று விஞ்ஞானிகள் அவ்வழியைக் கொண்டே, வேண்டிய ஒரே ஒரு புரதத்தை மட்டும் ஆயிரம் புரதங்களின் கூட்டத்திலிருந்து பிடித்திழுக்கும் தூண்டில் மணிகளைச் செய்தார்கள். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்று ஊசியாகப் போடும் எதிர்ப்புரத மருந்துகளைச் சுத்திகரிக்கும் குழாய்களில் பெரும்பாலும் நிரம்பியிருப்பது, குறுக்குப் பிணைப்பால் வலுவேற்றிய அகரோஸ் மணிகள்தாம். கட்டக்கோரையின் ஆல்ஜினேட்டும் பின்தங்கவில்லை. உடலின் உயிரணுக்கள் அதனைத் தாமாகப் பற்றுவதில்லை. புரதத்தின் சிறு துண்டொன்றை அதனோடு பிணைத்ததும் பற்றி வளர்ந்தன என்று 1999இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் ஆல்ஜினேட் வலையையும் பாலி அக்ரிலமைடு வலையையும் பிணைத்து ஒரு களி செய்தார்கள். பெரும்பகுதி நீராகவே உள்ள அக்களி, அறுபடாமல் தன் நீளத்தைப் போல் 20 மடங்கு இழுபட்டது. குருத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கு இத்தகைய களி என்றேனும் உதவுமா என்று ஆராய்கிறார்கள்.

இவையெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பவர், தம் வயலில் உள்ள சி.ஆர். 1009 சப்-1 நெல்லைப் பார்க்கட்டும். டெல்டாவில் பழகிய சி.ஆர். 1009 ரகத்தோடு, வெள்ளம் தாங்கும் மரபுக்கூறைச் சேர்த்து உண்டாக்கியது அது. இரு வாரம் வரை நீரில் மூழ்கியிருந்தும் பிழைக்கும். அந்த மரபுக்கூறை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 2006இல். நாற்றுகளில் எது அக்கூறைப் பெற்றது, எது பெறவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. இலையிலிருந்து டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை எடுத்து, களிப் பலகையின் குழியில் இட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். சிறு துண்டு முந்தி ஓடும், பெரிய துண்டு பிந்தும். ஓடிய தூரத்தைக் கொண்டு நாற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தகைய தேர்வுகளுக்கு உதவும் களிப் பலகைகள் இரண்டு: ஒன்று பாசி தந்த அகரோஸ், மற்றொன்று பாலி அக்ரிலமைடு. கடலில் விளைந்தது கழனிக்கு வந்து சேர்ந்திருக்கும் வழி இது. நம் செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரிக்குச் செல்லும் விவசாயிகள், அங்குள்ளோரிடம் கேட்டு இக்களிப் பலகையைப் பார்த்து வருவது நல்லது.

பொட்டலத்துக்கு வருவோம்

சுரக்குடி முதியவரின் குருணையும் ஒட்டுக் கட்டிய சங்கிலி வகையைச் சேர்ந்ததே. இத்தகைய நீர்பிடிக் குருணைகள் புதியவை அல்ல. 1970களில் அமெரிக்க வேளாண்மைத் துறையினர் மக்காச்சோள மாவுச் சங்கிலியின்மேல் பலபடியை ஒட்டுக் கட்டி, தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீர் குடிக்கும் பொருளைச் செய்தார்கள். புது டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் தாவர நாரின் சங்கிலியை ஆதாரமாகக் கொண்டு ‘பூசா ஹைட்ரோஜெல்’ என்பதை உருவாக்கினார்கள், எக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ வரை இடும்படி சிபாரிசு செய்கிறார்கள். மாவுக்கும் நாருக்கும் பதிலாகப் பாசிச் சங்கிலியை வைத்துச் செய்தவை ஆராய்ச்சி ஏடுகளில் ஏராளம். ஆகவே பொட்டலத்தின் வாசகம் கற்பனை அன்று.

ஆனால் ‘பல நூறு மடங்கு’ என்ற கணக்கு எந்த நீரில் எடுத்தது? சோதனைச்சாலையின் வாலைவடிநீரில் எடுத்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. குருணையின் சங்கிலிகள் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கவே முயல்கின்றன. விலகிய இடத்தில் நீர் நுழைகிறது. நீரில் உப்பு இருந்தால் அந்த விலக்கம் தணிந்துவிடுகிறது. வெளியே உள்ள உப்பு நீரை உள்ளே விடாமல் இழுத்தும் பிடிக்கிறது. உப்பிட்ட வடுமாங்காய் சுருங்குவதை வீட்டில் காண்கிறோம் அல்லவா? அதே நியாயம். நீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் இன்னும் மோசம்; கால்சியம் இரண்டு சங்கிலிகளை ஒன்றாகப் பூட்டிவிடும். கடலோரத்தில் ஆழ்குழாய் நீர் எப்படிப்பட்டது என்று நாம் சொல்லத் தேவையில்லை. வேட்டியைத் துவைப்பவரைக் கேட்டால் சோப்பு நுரைப்பதில்லை என்பார்.

மற்றொன்று, குருணை நீரை உண்டாக்குவதில்லை. பெய்த மழையையோ பாய்ந்த நீரையோ வேரருகில் சில நாள் வைத்திருந்து கொடுக்கும், அவ்வளவே. நீர் நின்று விளையும் சம்பா நெல்லுக்கு இதனால் பயன் ஏதும் காணோம். உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் உதவலாமே என்றால், அங்கும் தடை உண்டு. நம் வட்டாரத்தில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக நிற்கும் பயிருக்குள்ளேயே விதையைத் தூவிவிடுகிறோம். உழவே கிடையாது. குருணையோ வேர் ஓடும் ஆழத்தில் மண்ணுக்குள் விழ வேண்டும். மேலே கிடந்தால் வெயில் அதனைக் கெடுத்துவிடும். ஆக மிஞ்சுவது கத்தரி, மிளகாய்ப் பாத்தியும், தென்னை, பூச்செடிக் குழியுமே. ஒட்டிய பலபடிப் பகுதி மண்ணில் மெதுவாகவே சிதையும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பாசியிலிருந்து வந்தது என்பதால் முழுவதும் மக்கிவிடும் என்று எண்ணுவது தவறு.

இவற்றை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல் என்று கருதி, மறுமுறை சுரக்குடிக்குச் சென்றபோது மூன்று கண்ணாடித் தம்ளர்களை எடுத்துச் சென்றோம். எந்தப் பஞ்சாயத்தாரும் செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை இது. மூன்றிலும் ஒரே அளவு குருணையை இட வேண்டும். பொற்கொல்லர் தராசில் நிறுத்துக்கொள்வது உத்தமம். முதல் தம்ளரில் டிராக்டர் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீர், இரண்டாவதில் வாய்க்கால் நீர், மூன்றாவதில் அவரவர் ஆழ்குழாய்க் கிணற்று நீர். இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் மெல்லிய துணியில் வடித்து, துணியில் நின்றதை நிறுக்க வேண்டும். வாங்குவதானால் மூன்றாவது தம்ளரின் கணக்கைக் கொண்டே விலை பேச வேண்டும். வியாபாரியிடம் கேட்க வேண்டியவை இன்னும் உள்ளன: எந்தச் சங்கிலியோடு எது ஒட்டியிருக்கிறது, மிச்ச அக்ரிலமைடு எவ்வளவு, எந்த ஊர் மண்ணில் எத்தனை போகம் சோதித்தார்கள் என்பவற்றை எழுத்தில் தரச் சொல்லலாம்.

காலையில் ஊரார் கூடினார்கள். முதல் தம்ளரில் களி விளிம்புவரை எழும்பி, கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வாய்க்கால் நீர்த் தம்ளரில் பாதிக்குக் கீழேதான். ஆழ்குழாய்த் தம்ளரின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மங்கலான பருக்கைகள் கிடந்தன. மேலே நீர் தெளிந்து நின்றது. அந்தத் தம்ளருக்கு நீர் கொடுத்தவர் சுரக்குடியிலேயே ஆழமான கிணறு தமதென்று பெருமை பேசுபவர். அன்று ஒன்றும் பேசவில்லை.

கூட்டாக வாங்குவது என்ற பேச்சு அத்துடன் நின்றது. முதியவர் மட்டும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை என்றார். வீட்டுக் கொல்லையில் மழைநீர்த் தொட்டி இருக்கிறதாம். அதன் நீரையே பாய்ச்சிப் பத்துக் குழிக் கத்தரியில் பாதிக்கு மட்டும் குருணையைப் புதைத்து, மறுபாதியை விட்டுவைத்துப் பார்க்கப்போகிறாராம். எந்தப் பாதி எது என்று தாம் மறந்துவிடாதபடி, நடுவரப்பில் ஒரு பூவரசங் கொம்பை நட்டிருக்கிறார்.